அரச வைத்தியசாலையில் வசதியுள்ளவரிடம் கட்டணம் அறவிடலாமா? யாழ்ப்பாணத்தில் ஒரு விவாதம்

கொக்குவிலான்:

எங்கள் சனசமூக நிலையத்து அறிவித்தல் பலகையில் ஒரு பட்டியல் ஒட்டியிருக்கிறோம். கர்ப்பிணித் தாய்மார் கிளினிக் எந்த நாளில், குழந்தைகளுக்குத் தடுப்பூசி எங்கே, ஆரோக்கிய வாழ்க்கை மையத்தில் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் எப்போது பார்ப்பார்கள், அடுத்த இரத்ததான முகாம் எந்தக் கோவில் மண்டபத்தில் என்பன அதில் உண்டு. அதன் படத்தை இங்கே பகிர்ந்தபோது, "இலவசமாகக் கொடுப்பதாலேயே இந்தச் சேவைகள் கெட்டுப்போயின; வசதியுள்ளவர்களிடம் காசு வாங்கினால் வரிசையும் குறையும், மருந்துத் தட்டுப்பாடும் தீரும்" என்று பெரியவர் ஒருவர் கீழே எழுதினார். பின்னூட்டத்தோடு விட்டுவிட மனமில்லாததால் இதைத் தனித் திரியாகத் தொடங்குகிறேன்.

அரச வைத்தியசாலைக் கட்டணம் இலங்கையில் 1951இல் நீக்கப்பட்டது. யாருடைய தயவாலும் அது வந்துவிடவில்லை. 1931இல் சர்வசன வாக்குரிமை கிடைத்தது. 1934–35 மலேரியாக் கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேர் மடிந்தார்கள். அதன் பின்னர் வாக்குக் கேட்டு வந்த எவரும் வைத்தியசாலையைப் பற்றிப் பேசாமல் ஓர் ஊருக்குள்ளும் நுழைய முடியாத நிலை உருவானது. 1940களின் நடுப்பகுதியில் ஓர் இலட்சம் பிரசவங்களுக்கு ஆயிரத்துக்கும் அதிகமான தாய்மாரைப் பறிகொடுத்த நாட்டில் இன்று அந்த எண்ணிக்கை 30ஐ அண்டி நிற்கிறது. 2016இல் மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. நம்மைவிடப் பல மடங்கு பணக்கார நாடுகள் சிலவற்றால் எட்ட முடியாத நிலை இது. வாசலில் காசு கேட்காததே இதற்கு முதற்காரணம் என்பது என் கருத்து. மாற்றுக் கருத்துள்ளவர்கள் எழுதலாம்.

ஓய்வுபெற்ற கணக்காளர்:

அந்தப் "பெரியவர்" நான்தான், தம்பி. பட்டியல் ஒட்டியதைப் பாராட்டுகிறேன். அதிலே எனக்குப் பிணக்கில்லை. ஆனால் நீங்கள் எழுதியது ஒரு பொற்காலத்தின் கதை. நான் இன்றைய கணக்கைப் பேசுகிறேன்.

நாட்டின் மொத்தச் சுகாதாரச் செலவில் ஏறத்தாழ பாதியை மக்கள் தங்கள் சட்டைப்பையிலிருந்தே கொடுக்கிறார்கள். கிளினிக்கில் மருத்துவர் எழுதும் மருந்துகளில் சிலவற்றுக்கு "வெளியில் வாங்கவும்" என்று துண்டு வருகிறது. ஸ்கான் எடுக்கத் திகதி கேட்டால் மாதங்கள் கழித்துக் கொடுக்கிறார்கள். அவசரமென்றால் தனியாரிடம் போகவேண்டும். இதைத்தான் இலவச மருத்துவம் என்று நாம் கொண்டாடிக்கொண்டிருக்கிறோமா? மக்கள் ஏற்கெனவே கட்டணம் செலுத்துகிறார்கள். அது வைத்தியசாலைக்குப் போகாமல் வெளியே உள்ள கடைக்கும் ஆய்வுகூடத்துக்கும் போகிறது. அந்தப் பணத்தில் ஒரு பங்கை வைத்தியசாலைக்குள்ளேயே, பற்றுச்சீட்டோடு, கணக்காய்வுக்கு உட்பட்டு வாங்கினால் என்ன குற்றம்?

இன்னுமொன்று. வெளிநாட்டிலிருந்து பணம் வரும் வீட்டாரும், இரண்டு மாடி கட்டியவரும், நாட்கூலிக்குப் போகும் தோட்டக்காரரும் வெளிநோயாளர் பிரிவில் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். 100 ரூபாய் என்பது இன்று கடையில் தேநீரும் வடையும் வாங்கும் காசு. அதைக் கொடுக்கக்கூடியவரிடம் வாங்கி, கொடுக்க இயலாதவரை விட்டுவிடுவதே நீதி. 1850இல் யாழ்ப்பாணம் வைத்தியசாலையைத் தொடக்கியது ஒரு தருமச் சங்கம். மானிப்பாயில் அமெரிக்க மிசன் மருத்துவர் கிறீன் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தது அரசின் காசில் அன்று. எல்லாவற்றுக்கும் அரசை எதிர்பார்க்கும் பழக்கம் நம்மவரிடம் பின்னாளில் ஒட்டிக்கொண்டது.

வடமராட்சித் தாதி:

ஐயா, நான் அரச சேவையில் தாதியாக இருந்து ஓய்வுபெற்றவள். நீங்கள் கேட்கும் சிறு கட்டணம் இந்த நாட்டில் ஒருமுறை அறவிடப்பட்டது. 1971இல் வெளிநோயாளர் பிரிவில் ஒருவருக்கு 25 சதம் என்று விதித்தார்கள். உடனேயே வருவோர் தொகை வீழ்ந்தது. 1977இல் அதை நீக்கவேண்டியதாயிற்று. அந்த 25 சதத்துக்குப் பயந்து வராமல் போனவர்கள் யாரென்று நினைக்கிறீர்கள்? மாடிவீட்டுக்காரர் வீட்டிலேயே மருத்துவரை அழைத்துப் பார்ப்பவர். அவருக்கு வரிசையும் இல்லை, கட்டணமும் பொருட்டில்லை. சளிக்காய்ச்சல்தானே, இரண்டு நாள் பார்ப்போம் என்று பிள்ளையை வீட்டில் வைத்திருந்த தாய்தான் வராமல் போனவள். அப்படிப்பட்ட பிள்ளைகள் பின்னர் நிமோனியாவோடு விடுதிக்கு வருவதைச் சேவைக்காலம் முழுவதும் கண்டிருக்கிறேன். கட்டணமில்லாத காலத்திலேயே பேருந்துக் காசுக்கும் ஒருநாட் கூலிக்கும் அஞ்சி அப்படிப் பிந்துகிறார்கள் என்றால், வாசலில் ஒரு காசாளரையும் இருத்தினால் என்ன நடக்கும்?

2024 டிசம்பரில் எங்கள் பக்கத்தில் நடந்ததை இங்கே பலர் மறந்திருக்க மாட்டீர்கள். வெள்ளத்துக்குப் பிறகு காய்ச்சலோடு வந்தவர்கள் அடுத்தடுத்து இறந்தார்கள். இனந்தெரியாத காய்ச்சல் என்று ஊரெல்லாம் பீதி. எலிக்காய்ச்சல் என்று பரிசோதனையில் உறுதியானதும், வயலில் இறங்குவோருக்கு டொக்சிசைக்கிளின் மாத்திரை வழங்கப்பட்டது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் ஊர் ஊராகச் சென்று காய்ச்சல் கண்டவுடன் வைத்தியசாலைக்கு வரச்சொன்னார்கள். காய்ச்சல்காரர் ஒருவர் 100 ரூபாய்க்கு யோசித்து இரண்டு நாள் பிந்தியிருந்தால் அவருடைய சிறுநீரகம் போயிருக்கும். அவர் பிந்துவதனால் நோய் எங்கே பரவுகிறது என்பதும் சுகாதாரப் பணிமனைக்குத் தெரியாமல் போயிருக்கும். தொற்றுநோயைப் பொறுத்தவரையில் அடுத்த வீட்டுக்காரர் வைத்தியசாலைக்குப் போவது எனக்கும் பாதுகாப்பு. அதற்கு நான் அவரிடம் பற்றுச்சீட்டுக் கேட்கலாமா?

தருமச் சங்கத்தைப் பற்றி ஒரு சொல். அவர்கள் சுவரைக் கட்டினார்கள், கையெடுத்துக் கும்பிடுகிறேன். இன்று அந்தச் சுவருக்குள் வேலைசெய்யும் ஆயிரக்கணக்கானோரின் சம்பளத்தை எந்தத் தருமச் சங்கம் கொடுக்கும்?

ஓய்வுபெற்ற கணக்காளர்:

தாதி அம்மாவின் அனுபவத்துக்கு மதிப்பளிக்கிறேன். ஆனால் 1971இல் விதித்தது எல்லோருக்கும் ஒரே கட்டணம். நான் சொல்வது வசதியுள்ளவருக்கு மட்டும். காய்ச்சலுக்கும் தொற்றுநோய்க்கும் பிரசவத்துக்கும் கட்டணம் வேண்டாம் என்று எழுதித் தரவும் தயார். திட்டமிட்டுச் செய்யும் சத்திரசிகிச்சை, ஸ்கான், கட்டண விடுதி ஆகியவற்றுக்கு ஏன் வாங்கக்கூடாது? கொழும்புக்கு அருகே ஸ்ரீ ஜயவர்த்தனபுர பொது வைத்தியசாலை 1984இலிருந்து கட்டணம் அறவிட்டே நடக்கிறது. அதை அரசுதான் நடத்துகிறது. வானம் இடிந்து விழவில்லை.

இப்போது நடப்பதை வெளிப்படையாகச் சொல்லட்டுமா? வசதியுள்ளவர் மாலையில் தனியார் இடத்தில் நிபுணரைச் சனல் செய்து, அதாவது காசு கட்டி முன்பதிவு செய்து, பார்க்கிறார். அடுத்த கிழமை அதே நிபுணரின் விடுதியில், அரசின் செலவில், சத்திரசிகிச்சைக்கு அனுமதிக்கப்படுகிறார். சனல் செய்யக் காசில்லாதவர் கிளினிக் வரிசையில் முறை வரும்வரை காத்திருக்கிறார். அதாவது வரிசையைத் தாண்டுவதற்கான கட்டணம் இன்றும் இருக்கிறது. அது அரசின் கைக்கு வருவதில்லை, அவ்வளவுதான். இதைக் கண்டுகொள்ளாமல் 1951ஐப் பாடிக்கொண்டிருப்பது யாருக்குப் பயன்?

மருந்துக்கடைக்காரர்:

கணக்காளர் ஐயா சனல் பற்றிச் சொன்னது உண்மை. நானும் தினமும் காண்கிறேன். ஆனால் அதற்குப் பரிகாரம் சத்திரசிகிச்சைப் பட்டியலைத் திகதி வாரியாக வெளிப்படையாக வைப்பதுதான். கட்டணம் விதித்தால் அந்தக் குறுக்குவழி சட்டபூர்வமாகிவிடும், குறையாது.

மருந்து வெளியில் வாங்கும் விடயத்தில் என் தொழில் பற்றியே பேசுகிறேன், பிழையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கிளினிக்கில் மருந்து இல்லாத மாதங்களில் என் கடையில் வியாபாரம் கூடும். வந்தவர்களில் பலர் ஒரு மாத மாத்திரைக்குரிய துண்டைக் கொடுத்து ஒரு கிழமைக்கு மட்டும் கேட்பார்கள். 2022 ஏப்ரலில் நாடு கடனைச் செலுத்த முடியாதென்று அறிவித்த பின்னர் இது மிக மோசமாக இருந்தது. இரத்த அழுத்த மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் விழுங்கியவர்களை எனக்குத் தெரியும். கட்டணம் வந்தால் மருந்து வரும் என்கிறீர்கள். மருந்து வராததற்கு நோயாளி காசு கொடுக்காதது எப்போது காரணமாயிற்று? அன்று டொலர் இல்லை. அதற்குப் பிறகு கொள்வனவில் ஊழல் வெளிப்பட்டது. தரமற்ற இம்யுனோகுளோபியூலின் விவகாரத்தில், சுகாதார அமைச்சராக இருந்தவரே 2024 பெப்ரவரியில் கைதானார். நோயாளியிடம் இன்னும் 100 ரூபாய் வாங்கி அதே பெட்டியில் போட்டால் அது எங்கே போகும் என்று கணக்காளரே சொல்லட்டும்.

மலிவாக மருந்து வாங்குவது எப்படி என்பதை இந்த நாடுதான் உலகுக்குக் காட்டியது. பேராசிரியர் சேனக பிபிலேயின் திட்டப்படி 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவானது. வணிகப் பெயரை விட்டு மருந்தின் பொதுப் பெயரில், தேவையான மருந்துகளை மட்டும், உலகச் சந்தையில் ஒப்பந்தம் கோரி மொத்தமாக வாங்கினார்கள். 1977இல் உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிடும்போது இலங்கை அந்த வழியில் நடந்துகொண்டிருந்தது. 2016இல் 48 மருந்துகளுக்கு உச்சவிலை விதித்தபோது என் கடையில் சில மாத்திரைகளின் விலை பாதியாக இறங்கியது. என் இலாபமும் இறங்கியது, சொல்லத்தான் வேண்டும். மக்களின் சட்டைப்பையைக் காப்பாற்ற வேண்டுமென்றால் இந்த இடத்தில் கைவையுங்கள்.

நெடுந்தீவான்:

சத்திரசிகிச்சைக் கட்டணம், கட்டண விடுதி என்றெல்லாம் பேசுகிறீர்கள். எங்கள் தீவில் ஒருவருக்கு இரவில் நெஞ்சுவலி வந்தால் கடல் கடந்து குறிகட்டுவானுக்குக் கொண்டுவர வேண்டும். கடல் கொந்தளிப்பாக இருந்தால் கடற்படைப் படகையே நம்பியிருக்கிறோம். அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கு இன்னும் ஒரு பயணம். எந்தத் தனியார் நிறுவனம் நெடுந்தீவில் ஒரு கட்டிலையாவது போடும்? எங்கள் பிரதேச வைத்தியசாலையில் மருத்துவர் தங்கியிருக்கிறாரா என்பதே எங்களுக்குள்ள ஒரே கேள்வி. கட்டணம் அறவிடும் வைத்தியசாலை, கட்டணம் வரும் இடத்துக்குத்தான் ஆளையும் கருவியையும் அனுப்பும். எங்களிடம் வசூல் வராது.

ஸ்காபுறோவிலிருந்து:

நான் புலம்பெயர்ந்து கனடாவில் இருப்பவன். இங்கு 1984இல் இயற்றிய கனடா சுகாதாரச் சட்டம், வைத்தியசாலையிலோ மருத்துவரிடமோ நோயாளியிடம் கட்டணம் வாங்கும் மாகாணத்துக்குரிய மத்திய அரசின் நிதியில் அந்தத் தொகையைக் கழித்துக்கொள்ளச் சொல்கிறது. ஆகவே வளர்ந்த நாடுகளெல்லாம் கட்டணத்தில் நடக்கின்றன என்று எவரும் எண்ண வேண்டாம். அதேவேளை ஒன்ராறியோவில் வேலைசெய்யும் வயதினர் பெரும்பாலோர் மருந்தைத் தங்கள் காசில் அல்லது வேலையிடத்துக் காப்புறுதியில்தான் வாங்குகிறோம். அதனால் கணக்காளர் ஐயாவின் யோசனையில் பாதியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன்: புலம்பெயர் ஊர்ச்சங்கங்கள் ஒரு காப்புறுதி நிதியம் அமைத்து, ஊரிலுள்ள ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனியார் சிகிச்சைக்கான அட்டையைக் கொடுத்தால் அரச வைத்தியசாலையின் பாரம் குறையும். கருவிகளும் வாங்கித் தரலாம். எங்கள் ஊர்ச்சங்கத்தில் ஆர்வமுள்ளவர்கள் இருக்கிறார்கள்.

வடமராட்சித் தாதி:

தம்பி, உங்கள் மனது பெரிது. ஆனால் அட்டையைக் கொடுத்தால் அந்தப் பணம் தனியாரிடம் போகும்; அங்கே கட்டில் கூடும்; அந்தக் கட்டிலைப் பார்க்கத் தாதியும் மருத்துவரும் எங்கிருந்து வருவார்கள்? அரச விடுதியிலிருந்துதான். இந்தக் குடாநாட்டில் நிபுணர்கள் கொள்ளைகொள்ளையாக இருக்கவில்லை. 2022க்குப் பிறகு எத்தனையோ பேர் நாட்டை விட்டுப் போய்விட்டார்கள். உங்கள் ஊரிலும் சிலர் இருப்பார்கள்.

கருவி பற்றியும் சொல்லவேண்டும். நான் வேலைசெய்த ஓரிடத்தில் அன்பளிப்பாக வந்த இயந்திரம் ஒன்று உறை கழற்றாமல் மூலையில் கிடந்தது. அதற்குரிய இரசாயனப் பொருளை இந்த நாட்டில் எவரும் விற்பதில்லை, பழுதுபார்க்க ஆளில்லை. நாடாவெட்டிப் படமெடுத்த நாளோடு அதன் ஆயுள் முடிந்தது. அனுப்புமுன் வைத்தியசாலை அபிவிருத்திச் சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். அவர்களுக்குத் தேவை இயந்திரமாக இல்லாமல் நோயாளியோடு தங்குபவர் உட்கார ஒரு வாங்காகவோ, கழிவறைக் கதவாகவோ இருக்கக்கூடும். அதற்குப் படம் எடுக்க யாரும் வரமாட்டார்கள் என்பது வேறு கதை.

நல்ல முன்மாதிரியும் உண்டு. 2011இல் நாட்டின் தென்முனையான தெவிநுவரையிலிருந்து பருத்தித்துறை வரை ஏறத்தாழ 670 கிலோமீற்றர் நடந்து நிதி திரட்டினார்கள். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் எல்லோரும் நடந்தார்கள். அந்தப் பணத்தில் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. கட்டியது பொதுமக்களின் பணம், நடத்துவது அரசு, நோயாளி காசு கொடுப்பதில்லை. அதற்கு முன்னர் கொழும்புக்கு அருகே மகரகமைப் புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போய், அங்கே தங்க இடம் தேடி, பாதியில் சிகிச்சையை விட்டுத் திரும்பியவர்களை நான் நேரில் அறிவேன்.

ஓய்வுபெற்ற கணக்காளர்:

தெல்லிப்பழை உதாரணம் என் வாதத்துக்கும் பொருந்தும்: பொதுமக்கள் பணம் போடத் தயாராக இருக்கிறார்கள். நான் அதை ஒழுங்காக, ஆண்டுதோறும் வரும் வருமானமாக ஆக்கச் சொல்கிறேன். நடைபயணம் ஒவ்வொரு வருடமும் நடக்காது.

மருந்துக்கடைத் தம்பிக்கு: ஊழல் இருக்கிறதென்பதற்காக வரியையும் நிறுத்திவிடலாமா? பணம் அந்தந்த வைத்தியசாலையின் கணக்கிலேயே இருந்து, அபிவிருத்திச் சங்கம் கண்காணித்தால், கொழும்புக்குப் போகவேண்டிய தேவையே இல்லை. நெடுந்தீவுத் தம்பிக்கு: தீவகத்தை முற்றாக விலக்கலாம். கனடாத் தம்பிக்கு: உங்கள் நாட்டில் இடுப்பெலும்பு மாற்ற எத்தனை மாதம் காத்திருக்கிறார்கள் என்பதையும் எழுதியிருக்கலாம்.

கொக்குவிலான்:

கணக்காளர் ஐயா, உங்கள் விலக்குகளைக் கூட்டிப் பார்த்தேன். தொற்றுநோய் விலக்கு, பிரசவம் விலக்கு, வறியவர் விலக்கு, தீவகம் விலக்கு. இவ்வளவும் போக மிஞ்சுபவரிடம் வாங்குவதற்கு, யார் மிஞ்சுபவர் என்று தீர்மானிக்க ஓர் அலுவலகம் வேண்டும். 2023இல் அஸ்வெசும என்ற அரச நிவாரணக் கொடுப்பனவுக்குப் பயனாளிகளைத் தெரிவுசெய்தபோது இலட்சக்கணக்கான மேன்முறையீடுகள் போயின. கணவனை இழந்தவர் பட்டியலில் இல்லை, வேனுள்ளவர் பட்டியலில் இருக்கிறார் என்று ஊருக்கு ஊர் சண்டை. கொடுப்பனவுக்கு நடந்த சண்டையை நெஞ்சுவலியோடு வந்தவரின் தலைமாட்டில் நடத்தப் போகிறோமா? கிராம அலுவலரின் கடிதம் இல்லாமல் வந்த நோயாளியைத் திருப்பி அனுப்பும் பொறுப்பு யாருடையது?

சிறு கட்டணம் சிறிதாகவே இருக்கும் என்பதிலும் எனக்கு நம்பிக்கையில்லை. நாம் கட்டணத்தை நீக்கிய அதே 1951இல், பிரித்தானியாவில் பொய்ப்பல்லுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் கட்டணம் வந்ததை எதிர்த்து, அங்கே இலவச தேசிய சுகாதார சேவையைத் தொடக்கிய அனைரின் பெவன் அமைச்சர் பதவியைத் துறந்தார். அடுத்த ஆண்டு மருந்துத் துண்டுக்கு ஒரு சிலிங் என்று தொடங்கியது. இங்கிலாந்தில் இன்று அது மருந்தொன்றுக்கு 10 பவுணை அண்டிவிட்டது. ஸ்கொத்லாந்தும் வேல்சும் வட அயர்லாந்தும் அதை நீக்கிவிட்டன என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வசதியுள்ளவர் பங்களிக்கவேண்டும் என்பதில் நான் உங்களோடு நிற்கிறேன். அதற்கு இடம் வருமானவரி. 2024 சனவரியிலிருந்து 18 வீதமான பெறுமதி சேர் வரியை, நீங்கள் சொன்ன நாட்கூலிக்காரரும் சவர்க்காரக் கட்டியிலிருந்து தொலைபேசி மீள்நிரப்பு அட்டைவரை செலுத்துகிறார். அவர் வைத்தியசாலைக்கு வரும்போது ஏற்கெனவே காசு கட்டிவிட்டே வருகிறார். உள்நோயாளர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அரச வைத்தியசாலைகளில்தான் படுக்கிறார்கள். அதற்கு அரசு ஒதுக்குவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2 வீதத்தை ஒட்டிய தொகை. இதை உயர்த்தும்படி கேட்காமல் நோயாளியிடம் கேட்கத் தொடங்குவது ஏன்?

வசதியுள்ளவரும் வறியவரும் ஒரே வரிசையில் நிற்பது உங்களுக்குக் குறையாகத் தெரிகிறது. அந்த வரிசையின் பலமே அதுதான் என்பேன். மாடிவீட்டுக்காரர் கட்டண விடுதிக்குப் போய்விட்டால் பொது விடுதியின் கூரை ஒழுகுவதை யார் அமைச்சரிடம் எடுத்துச் சொல்வார்? 2024 யூலையில் சாவகச்சேரியில் தங்கள் ஆதார வைத்தியசாலையின் குறைகளுக்காகக் கடைக்காரரும் ஆசிரியரும் விவசாயியும் ஒன்றாக வீதிக்கு வந்தார்கள். அந்த விவகாரத்தில் யார் பக்கம் எவ்வளவு நியாயம் என்பதை இங்கே கிளற விரும்பவில்லை. அந்த வைத்தியசாலை தங்களுடையது என்று எல்லாத் தரப்பினரும் எண்ணியதையே குறிப்பிடுகிறேன்.

எங்கள் பட்டியலுக்கு வருகிறேன், ஏனென்றால் இந்த வாதத்தில் எனக்கு அதுவே முக்கியம். ஆரோக்கிய வாழ்க்கை மையத்தில் காசில்லாமல் சர்க்கரை பார்க்கலாம், எடை, இரத்த அழுத்தம் பார்க்கலாம். அங்கே போனால் பெண்கள்தான் இருப்பார்கள். ஆண்கள் வருவது மிகக் குறைவு. கால் விரலில் புண் ஆறாமல் போன பிறகே தமக்குச் சர்க்கரை இருப்பதை அறிந்துகொள்ளும் ஆண்கள் எல்லா ஊரிலும் உண்டு. அந்தக் காலைக் காப்பாற்ற ஆகும் செலவில் எத்தனை பேருக்கு இரத்தம் பார்க்கலாம் என்று கணக்காளரால் கணித்துச் சொல்ல முடியும். 1990க்கு அழைத்தால் நோயாளர் காவு வண்டி வீட்டுக்கே வரும், காசில்லை. 2018இலிருந்து வடக்கிலும் ஓடுகிறது. இன்றும் பலர் ஓட்டோவைத் தேடுகிறார்கள். பெரிய சத்திரசிகிச்சைக்கு ஜனாதிபதி நிதியத்தில் உதவி கேட்கலாம். 2025இலிருந்து கொழும்புக்குப் போகாமல் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். இதை அறியாமல் நகையை அடகு வைத்தவர்கள் எங்கள் ஒழுங்கையிலேயே இருக்கிறார்கள். இருக்கும் சேவை ஊருக்குத் தெரியாமல் கிடந்தால், நாளைக்கு "ஒருவரும் வருவதில்லை" என்று காரணம் காட்டி அதை மூடுவது எவருக்கும் இலகு.

மருந்துக்கடைக்காரர்:

பட்டியலில் ஒரு வரி கூட்டுங்கள்: மருத்துவரிடம் மருந்தின் பொதுப் பெயரை எழுதும்படி கேட்கலாம், கடையில் மலிவான வகை இருக்கிறதா என்றும் கேட்கலாம். அரச ஒசுசல மருந்தகத்தில் விலையை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாலும் கோபிக்க மாட்டேன்.

வடமராட்சித் தாதி:

இரத்ததானம் பற்றிய விபரத்தையும் தெளிவாக எழுதிப் போடுங்கள். 18 வயதிலிருந்து 60 வயதுவரை, உடல்நலமுள்ளவர், முந்திய தடவை கொடுத்து நான்கு மாதம் கழிந்திருந்தால் கொடுக்கலாம். தேசிய அடையாள அட்டையைக் கொண்டுவர வேண்டும். வெறுவயிற்றோடு வரவேண்டாம், விரதகாலத்தில் நடக்கும் முகாம்களில் இளைஞர்கள் சாப்பிடாமல் வந்து மயங்கி விழுவதுண்டு. இந்த நாட்டில் 2014இலிருந்து இரத்தம் முழுவதும் காசு வாங்காத கொடையாளரிடமிருந்தே கிடைக்கிறது. இறந்தவரின் நினைவுநாளில் முகாம் நடத்தும் வழக்கம் நம்மவரிடையே பரவியிருப்பது நல்ல விடயம்; ஆனால் எல்லோரும் ஒரே மாதத்தில் நடத்தினால் இரத்தம் காலாவதியாகும், பிறகு தட்டுப்பாடு வரும். செங்குருதிக் கலங்களை ஐந்தாறு கிழமைக்கு மேல் வைத்திருக்க முடியாது. இரத்த வங்கியோடு பேசி நாளைக் குறியுங்கள். பாடசாலை விடுமுறையிலும் மழைக்காலத்திலும் அவர்களுக்குக் கொடையாளர் கிடைப்பது கடினம்.

ஸ்காபுறோவிலிருந்து:

அக்கா, அபிவிருத்திச் சங்கத்துக்குக் கடிதம் எழுதுகிறேன். காப்புறுதி அட்டையைப் பற்றிச் சங்கக் கூட்டத்தில் இன்னும் வாதம் நடக்கும். உங்கள் பதிலை அங்கே வாசிக்க அனுமதி வேண்டும்.

வடமராட்சித் தாதி:

வாசியுங்கள் தம்பி. வாங்கையும் கதவையும் விட்டுவிடாமல் வாசியுங்கள்.

ஓய்வுபெற்ற கணக்காளர்:

கட்டணம் பற்றிய என் கருத்து மாறவில்லை. வருமானவரியால் எல்லாம் வரும் என்று கொக்குவில் தம்பி நம்புகிறார்; வரி வசூலிப்பவர்களோடு நான் ஆயுள் முழுவதும் மாரடித்தவன். திட்டமிட்ட சத்திரசிகிச்சைக்கு வசதியுள்ளவரிடம் பணம் வாங்குவதற்கு எதிராக, யாரை வசதியுள்ளவர் என்பது என்ற நடைமுறைச் சிக்கலைத் தவிர வலுவான காரணம் எதையும் நான் இங்கே வாசிக்கவில்லை. அந்தச் சிக்கலுக்கு ஒரு வழி இருக்கிறதா என்று தனியாக எழுதுவேன்.

பட்டியல் விடயத்தில் ஒரு வேலை தருகிறேன். சத்திரசிகிச்சைக் காத்திருப்புப் பட்டியலில் எத்தனை பேர், எத்தனை மாதம் என்பதைத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்த வைத்தியசாலையிடமும் கேட்கலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். விண்ணப்பத்தை நான் எழுதித் தருகிறேன். பதில் வந்ததும் உங்கள் அறிவித்தல் பலகையில் அதையும் ஒட்டுங்கள், தம்பி.

கொக்குவிலான்:

நாளை பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு நிலையத்தைத் திறந்து வைத்திருப்பேன், ஐயா. போதனா வைத்தியசாலைக்கு ஒன்று, மந்திகைக்கு ஒன்று, தெல்லிப்பழைக்கு ஒன்று எனத் தனித்தனியாக எழுதவேண்டும். போதனா வைத்தியசாலை மத்திய அமைச்சின் கீழ், மற்றவை மாகாணத்தின் கீழ் என்பதால் தகவல் அலுவலரும் வேறு வேறு. பழைய கடித உறைகள் இருந்தால் கொண்டுவாருங்கள். முத்திரை என்னிடம் இருக்கிறது.